பதினோரு நிமிடத்துக்கு ஒருமுறை

டம்ஃப்ரீஸ் கடையில் இரண்டு பம்பு காட்டினார்கள்.
ஒன்று கைமுட்டி அளவு,
ஒயரோடு பீப்பாய்க்குள் இறக்கிவிட வேண்டியது.
இருபத்திரண்டு பவுண்டு.
காற்றுக் குமிழி அடைத்துக்கொண்டு வெறுமனே உறுமும்;
தண்ணீருக்குள் வைத்தே நாலு உலுக்கு உலுக்கினால் வழிக்கு வரும்.
செத்தால் தூக்கிப் போட்டு வேறொன்று.

மற்றது கேரவனுக்குள்
இருக்கைக்கு அடியில் திருகி உட்காரவைப்பது.
நூற்றுப் பத்து.
குழாயைத் திறந்தால் தானே எழும்,
மூடினால் தானே அடங்கும்.
"அழுத்தம் அறிந்த பம்பு" என்றான் கடைப்பையன்,
நல்ல மருமகனைப் பற்றிச் சொல்வதுபோல.

நான் சின்னதைக் கேட்டேன்.
டூகல் பெரியதை வாங்கினான்.

இரண்டு கோடை குறை சொல்ல ஒன்றுமில்லை.
மூன்றாவது வருடம், மே மாதம், கேலோவே கரை.
கூரையில் மழை ஓய்ந்த பிறகுதான் கேட்டது:
டுர்ர்.
அரை நொடி.
யாரும் குழாயைத் திறக்கவில்லை.

மறுபடி டுர்ர்.
கடிகாரத்தைப் பார்த்தேன். பதினோரு நிமிடம்.

ஆளில்லாத வேளையில் பம்பு முனகினால்
அர்த்தம் ஒன்றுதான். எங்கோ கசிகிறது.
அழுத்தம் இறங்குகிறது,
அது எழுந்து நிரப்பிவிட்டுப் படுக்கிறது,
மறுபடி இறங்குகிறது.
டூகல் விழித்திருந்தான்.
தூங்குகிறவன் அவ்வளவு ஒழுங்காக மூச்சுவிடமாட்டான்.
அவனும் எண்ணிக்கொண்டிருந்தான்.

காலையில் டிஷ்யூ தாளைக் கிழித்து
இணைப்புக்கு ஒரு சுற்று சுற்றிவைத்தேன்.
பாத்திரத் தொட்டிக்குக் கீழே, உலர்ந்த தாள்.
ஹீட்டரின் வாயில், உலர்ந்த தாள்.
பம்பின் கழுத்தில்கூட.
ஷவருக்குப் பின்னால்
என் கை மட்டும் நுழையும் சந்தில்
ஒரு வெள்ளை பிளாஸ்டிக் முழங்கை.
தாள் கூழாகக் கையில் வந்தது.

விரலால் தடவினேன். மயிரிழை விரிசல்,
உள்ளிருந்து வெளியே.
உறைபனி அப்படித்தான் பிளக்கும்.
தண்ணீர் கட்டியாகும்போது கொஞ்சம் இடம் கேட்கும்,
கொடுக்காவிட்டால் எடுத்துக்கொள்ளும்.

அக்டோபரில் கேட்டிருந்தேன், "வடித்துவிட்டாயா?"
"ஆயிற்று, இஷ்பெல்" என்றான், ஷூவின் நாடாவைப் பார்த்து.

அந்த அக்டோபரில்தான்
மரம் அறுக்கும் ஆலை அவனை அனுப்பியிருந்தது.
டிசம்பரில் சொன்னான்.
அதுவரை தினமும் ஏழரைக்கு
மதிய டப்பாவோடு கிளம்பினான்.
எங்கே போனாய் என்று பிறகும் நான் கேட்கவில்லை.
வேலை போன விஷயத்தைப் பேசி முடிப்பதற்குள்ளேயே
இருவருக்கும் களைத்துவிட்டது.

கூழான தாளை அவனிடம் நீட்டினேன்.
கொஞ்ச நேரம் பார்த்தான்.
"டீ போடத் தண்ணீர் வேண்டியிருந்தது" என்றான்.

பண்ணை முற்றத்தில் குளிர்காலத்துக்கு நிறுத்திவைத்த கேரவன்.
சன்னல் மறைப்பை இறக்கிவிட்டு,
கோட்டைக் கழற்றாமல்,
எட்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை.
அழுத்தம் அறிந்த பம்பு.
அதற்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

புது முழங்கை மூன்று பவுண்டு எண்பது.
க்ளிக் என்று விழும்வரை அழுத்தினான்.
வடிகட்டி வலையை நான் கழுவினேன்:
மணல், பச்சை நூல்போல் பாசி.
அடுத்த வாரம் அந்தச் சின்ன பம்பையும் வாங்கிக்
கம்பளிகளுக்குப் பின்னால் செருகிவைத்தேன்.
இருபத்தாறு ஆகியிருந்தது.

இந்த அக்டோபரில் இருவரும் போனோம்.
பம்பைக் கொஞ்சம் ஓடவிட்டு,
காற்றைத் துப்பியதும் அணைத்து,
வடிகால் மூடியைத் திருகி,
எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டோம்.
ஷவரின் பிடியை மட்டும்
வெந்நீருக்கும் குளிர்நீருக்கும் நடுவில் நிறுத்த வேண்டும்;
ஒரு பக்கம் சாய்த்தால் மறுபக்கத்தில் தங்கிவிடும்.
நான் நிறுத்தினேன். அவன் டார்ச் பிடித்தான்.

வெளியே கேரவனுக்கு அடியில்
தண்ணீர் புல்லுக்குள் வழி தேடிப் போய்க்கொண்டே இருந்தது.
"இவ்வளவா இருந்தது" என்றான்.